வேலி என்ற சொல்லுக்கு என்ன நடந்தது?

வேலியை நாங்கள் கட்டுவதில்லை, அடைப்போம். கட்டுவது மதிலை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவர் இந்த இரண்டு வினைகளையும் மாற்றிப் பாவிப்பது அபூர்வம். கட்டினால் கட்டியபடி பல தலைமுறைக்கு நிற்கும். அடைத்தது உக்கும், கறையான் அரிக்கும், ஆடு மேயும், மழையில் சரியும். ஆகவே திரும்பத் திரும்ப அடைக்கவேண்டும். கடனையும் நாங்கள் ‘அடைக்கிறோம்’ என்று சொல்வது தற்செயலாக இருக்கலாம். ஆனால் வேலியும் அயலோடு ஒவ்வொரு வருடமும் தீர்க்கவேண்டிய ஒரு கணக்காகத்தான் இருந்தது.

இன்னும் இரண்டு வினைகள் இருக்கின்றன. முள்ளுக்கம்பி வேலி என்றால் ‘அடிச்சாச்சு’ என்போம். யாரோ வந்து, எங்களைக் கேட்காமல், எங்கள் காணியில் செய்தால் ‘வேலி போட்டுட்டாங்கள்’ என்போம். அடைத்தல், அடித்தல், போடுதல். வேலி என்ற சொல் மாறவில்லை. அதற்குப் பின்னால் வரும் வினையைக் கேட்டாலே அந்த வேலி யாருடையது, அதற்குள் யார் இருக்கிறார், வெளியே யார் நிற்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடந்த நாற்பது வருடங்களில் எங்களுக்கும் எங்கள் நிலத்துக்கும் இடையில் நடந்ததை விளங்கிக்கொள்ள இந்தச் சொல் ஒரு நல்ல வழி என்று எனக்குப் படுகிறது.

முதலில் பழைய கதை. தமிழில் வேலி என்பது ஒருபோதும் வெறும் தடையாக மட்டும் இருக்கவில்லை. காவல் என்ற பொருளும் நிலம் என்ற பொருளும் அதற்கு உண்டு. சோழநாட்டில் அது ஒரு நில அளவு. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். தஞ்சாவூர்ப் பக்கம் இன்றைக்கும் பழைய ஆட்கள் ‘அவருக்குப் பத்து வேலி நிலம்’ என்று சொல்வார்கள். அங்கே வேலி என்றால் உள்ளே இருக்கும் வயல். சுற்றி நிற்கும் தடி அல்ல. எங்கள் பக்கத்தில் நிலத்தைப் பரப்பில் அளப்போம், தோட்டக்காணி என்றால் 16 பரப்பு ஒரு ஏக்கர். வேலி அளவாக எங்களிடம் நிலைக்கவில்லை. ஆனால் ஊர்ப்பெயர்களில் தங்கிவிட்டது.

நீர்வேலி, அச்சுவேலி, சங்குவேலி, கட்டைவேலி, திருநெல்வேலி. குடாநாட்டுக்குள் மாத்திரம் இத்தனை. பேச்சில் நாங்கள் ‘தின்னவேலி’ என்று சுருக்கிவிட்ட திருநெல்வேலியில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்கு ஒரு தலபுராணக் கதை உண்டு: அடியவர் ஒருவர் காயப்போட்ட நெல்லை மழை அடித்துக்கொண்டு போகாமல் இறைவன் வேலியாக நின்று காத்தாராம். நெய்வேலியும் இந்த வரிசைதான். இந்தப் பெயர்களில் எல்லாம் வேலி என்பது பயிர் விளைகிற, காவல் உள்ள, ஆட்கள் வாழ்கிற இடம். யாரையோ வெளியே நிறுத்துவதற்காக யாரும் ஒரு ஊருக்கு நீர்வேலி என்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

இனி வேலி அடைக்கிற விதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால், முகாமிலும் தகரக் கொட்டிலிலும் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இது பார்த்திராத வேலை.

வேலியின் முதுகெலும்பு கதியால். கதியால் என்பது நட்டால் வேர்விடும் தடி. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை, முள்முருக்கு, வாதராணி என்று மண்ணையும் கைக்கு எட்டியதையும் பொறுத்து மாறும். மாரி தொடங்கும்போது வெட்டி நடுவார்கள். ஈரத்தில் வேர் பிடித்துவிட்டால் அது தடியல்ல, மரம். பிறகு அந்த மரத்திலிருந்தே அடுத்த கதியால். ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குப் பசளை, அடுப்புக்கு விறகு, பிள்ளைகளுக்குப் பூவரசம் இலையில் பீப்பீ எல்லாம் வேலியில் இருந்துதான் வந்தன. கலியாண வீட்டில் நடுகிற கன்னிக்காலும் முள்முருக்குத்தான். வேலியில் நிற்கிற அதே இனம். காணியில்லாதவருக்குக்கூட வேலி இருந்தால் இரண்டு ஆடு வளர்க்கலாம் என்ற நிலைமை இருந்தது.

கதியாலுக்கு மேல் வரிச்சுத் தடி, அதன்மேல் கிடுகோ பனையோலையோ பனைமட்டையோ வைத்துக் கட்டவேண்டும். வசதி குறைந்த இடத்தில் பற்றைக் கிளைகளை அடுக்கி அலம்பல் வேலி. ஓலை வேலி அடைப்பதற்குக் குத்தூசி என்று ஒரு நீளமான மர ஊசி உண்டு. ஒருவர் இந்தப் பக்கம் நின்று கட்டுக்கயிற்றோடு ஊசியைக் குத்த, மற்றப் பக்கம் நிற்பவர் அதை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பி அனுப்பவேண்டும். ஒருத்தர் தனியாக வேலி அடைப்பது மிகச் சிரமம். இரண்டு பேர் வேண்டும், அதிலும் ஒருவர் அயல்காணிக்குள் நிற்கவேண்டும். அயலவரோடு கோபம் என்றால் அந்த வருடம் ஊசியை வாங்க ஆள் உள்ளே போகவே முடியாது. சண்டைபிடித்த குடும்பங்கள் வேலியடைப்புக்கு முன்னர் எப்படியாவது கதைத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம். கழற்றிய பழைய ஓலையும் வீணாகாது, தோட்டத்தில் தாழ்த்துவார்கள்.

எந்த வேலி யாருடைய பொறுப்பு என்பதும் தீர்மானிக்கப்பட்டிருந்தது. ‘கிழக்கு வேலி எங்கட, தெற்கு வேலி அவையின்ர’ என்பதைப் பிள்ளைகள் எழுத்தறியும் முன்பே அறிந்துவிடுவார்கள். வன்னியின் வயல்வெளிகளில் இது இன்னும் பெரிய ஏற்பாடு. குளத்துக்குக் கீழே உள்ள வயல்களுக்குப் போகம் தொடங்கும் முன் கூட்டம் வைத்து, எந்தத் தேதிக்குள் வேலியை அடைத்து முடிப்பது, எந்தத் தேதியிலிருந்து மாடுகளைக் கட்டுவது என்று முடிவெடுப்பார்கள். ஒருவர் தன் பங்கை அடைக்காமல் விட்டால் கட்டாக்காலி மாடு எல்லோருடைய நெல்லையும் தின்னும். அங்கே வேலி என்பது தனியாருடைய சொத்தைப் பிரிக்கிற கோடு அல்ல. எல்லோரும் சேர்ந்து மாட்டுக்கும் பன்றிக்கும் எதிராகப் போடுகிற வட்டம்.

ஒரு நல்ல வேலியில் ஓட்டையும் இருக்கும். அதற்கும் எங்களிடம் தனிச்சொற்கள் உள்ளன. பக்கத்து வீட்டுக்கு ஒழுங்கையால் சுற்றிப் போகாமல் நேரே நுழைய விட்ட சிறு இடைவெளி பொட்டு. மனிதர் தாண்டலாம், மாடு தாண்ட முடியாது என்று தடி வைத்து அமைத்தது கண்டாயம். முன்வாசலுக்குப் படலை. கூரை போட்டு, வழிப்போக்கர் இருந்து இளைப்பாறத் திண்ணையும் வைத்தால் அது சங்கடப்படலை. பொட்டுக்குள்ளால் அரைச்சுண்டு சீனி போகும், குழம்பு வரும், அழுகிற பிள்ளை போகும், இரகசியமும் போகும். நெற்றியில் வைக்கும் பொட்டுக்கும் வேலியில் விடும் பொட்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதை நான் எப்போதும் இரசித்திருக்கிறேன். பொட்டு அடைபட்டது என்றால் இரண்டு குடும்பம் முறிந்துவிட்டது என்று ஊர் விளங்கிக்கொள்ளும்; வேறு அறிவிப்புத் தேவையில்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போகும்போது பழைய யாழ்ப்பாணம் ஏதோ சொர்க்கம் என்பதுபோல ஒரு தொனி வந்துவிடும். புலம்பெயர்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் அது நிறையவே உண்டு. அப்படி இல்லை. பொட்டு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுக்கவேண்டியிருந்தது. வேலியை அடைத்துக் கொடுத்தவரே வேலிக்குள் இருந்த கிணற்றில் அள்ள முடியாமல் இருந்தார். வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அதே கிடுகுவேலி உலகத்தின் விளிம்பாக இருந்தது. செங்கை ஆழியானின் ‘கிடுகு வேலி’ நாவலின் தலைப்பே ஒரு சமூகத்தின் அடையாளமாகப் பேசப்பட்டதற்கும், ‘கிடுகுவேலிப் பண்பாடு’ என்று விமர்சகர்கள் எழுதியதற்கும் இந்த இறுக்கம்தான் காரணம். ‘வேலி பாய்தல்’ என்ற சொற்றொடரை ஆண் பாவிக்கும்போது பகிடியாகவும், பெண்ணைப் பற்றிப் பாவிக்கும்போது தண்டனையாகவும் இருந்ததை மறக்கவேண்டியதில்லை.

சண்டையும் குறைவில்லை. இரவோடிரவாகக் கதியாலை அரை அடி தள்ளி நட்டதாக வழக்கு, பூவரசின் வேர் கிணற்றுக் கட்டை வெடிக்கவைத்ததாக வழக்கு, கிளை சரிந்து ஓடு உடைந்ததாக வழக்கு. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் வேலியில்தான் வீடு கட்டினார்கள் என்று ஒரு பகிடி உண்டு. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்ற பழமொழியை இந்த வழக்குகளைப் பார்த்துக் களைத்த ஒருவர்தான் சொல்லியிருக்கவேண்டும். ஆனாலும், இந்தச் சண்டைகளில் ஒன்று தெளிவாக இருந்தது. எதிராளி யார் என்று தெரியும். அவருடைய பெயர் தெரியும், பேரன் பேர் தெரியும். அவர் வீட்டுச் செத்தவீட்டுக்குப் போவதா விடுவதா என்ற கேள்வியும் இருந்தது.

போர் வந்தபோது வேலியின் பயன் முதலில் தலைகீழானது. றோட்டு ஆபத்தான இடமாகிவிட்டது. சுற்றிவளைப்பு என்றால் ஒழுங்கையில் நிற்கக்கூடாது. ஆகவே ஆட்கள் வேலியைப் பிரித்து, வளவுக்கு வளவு, பின்பக்கத்தால் ஓடினார்கள். பொட்டு பெரிதாகியது. முன்பு ஒரு குழந்தை நுழைகிற அளவில் இருந்த இடைவெளியால் இப்போது மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் போகவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வேலியை இறுக்கமாக அடைத்து வைத்திருப்பது அயலுக்குச் செய்யும் துரோகம்போலக்கூட இருந்திருக்கும். பதுங்குகுழியும் பல வளவுகளில் வேலியோரமாகத்தான் வெட்டப்பட்டது, மரநிழலும் மறைப்பும் இருந்ததால்.

பிறகு இடப்பெயர்வுகள். போன இடத்தில் எல்லாம் சனம் முதலில் தேடியது ஒரு மறைப்பு. தறப்பாள், உரப்பை, பழைய சேலை, கடைசியில் துளைபட்ட தகரம். மற்றவர் காணியில், மரத்தடியில், பள்ளிக்கூட வளவில் நாலு தடி ஊன்றி, சேலையைக் கட்டி ‘இது எங்கட’ என்று ஒரு சதுரம் பிடித்தார்கள். அதையும் வேலி என்றுதான் சொன்னார்கள். குளிக்கிற பெண் பிள்ளைக்கு அது வேலி. 2009இன் முதல் மாதங்களில் முள்ளிவாய்க்கால் பக்கம் அந்தச் சேலைகளும் மண்மூட்டைகளாகத் தைக்கப்பட்டன. மறைப்பைவிட எறிகணைச் சன்னம் பெரிதாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொல்லோடு ‘முள்’ நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. முள்வேலி பழைய சொல்தான். இலந்தைமுள்ளோ நாகதாளியோ வைத்து வயலுக்கு அடைப்பது. 2009இல் அதன் பொருள் ஒரே மாதத்தில் மாறியது. செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். அரசாங்கம் அவற்றுக்கு நலன்புரி நிலையங்கள் என்று பெயர் வைத்தது. வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று தமிழர்களுடைய பெயர்கள். சனம் அந்தப் பெயர்களை எல்லாம் தாண்டி ‘முள்வேலி முகாம்’ என்றுதான் சொன்னது. உலகம் முழுவதும் அந்தப் பெயரே நிலைத்தது. ஒரு வலயத்தில் தாயும் அடுத்த வலயத்தில் மகளும் இருந்த குடும்பங்கள் உண்டு. வெளியிலிருந்து வந்த உறவினர் கம்பிக்கு அப்பால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினார்கள். குத்தூசி போய்வந்த இடைவெளி எங்கள் வேலியில் இருந்தது. இந்த வேலியில் கை நீட்டுவதற்கே யாரிடமோ அனுமதி வேண்டும். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மூடும்போது கடைசியாக ஏற்றப்பட்ட குடும்பங்களில் கேப்பாப்புலவு ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் சொந்த ஊருக்குப் போகவில்லை. ஊர் படைமுகாமாக இருந்ததால் பக்கத்தில் வேறு காணியில் இறக்கப்பட்டார்கள்.

மீளக் குடியேறியவர்களுக்கு இன்னொரு வேலி காத்திருந்தது. தும்புக் கயிறோ நாடாவோ இழுத்து, சிவப்பு நுனி பூசிய தடி நட்டு, மண்டை ஓட்டுப் பலகை தொங்கவிட்ட வேலி. மிதிவெடி. ஒரு குழந்தைகூடத் தாண்டக்கூடிய உயரத்தில் இருந்த அந்தக் கயிறுதான் உண்மையில் யாரும் தாண்டாத வேலி. இது ஒன்றைப் பற்றி மட்டும் எனக்கு முறைப்பாடு இல்லை. யாரோ உயிரைப் பணயம் வைத்து, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி, அந்தத் தடிகளைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போனார்கள். அந்த வேலைக்குப் போனவர்களில் போரால் தனித்துப்போன வன்னிப் பெண்களும் கணிசமானவர்கள்.

வேலி இல்லாமற்போனதால் வந்த சிக்கல் வேறு விதமானது. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம் என்று நினைக்கிறேன்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வெளியேறினார்கள். இருபது, இருபத்தைந்து, சிலர் முப்பது வருடங்களுக்குப் பின் துண்டு துண்டாகக் காணி விடுவிக்கப்பட்டபோது திரும்பிப் போனார்கள். பல இடங்களில் வீடு இல்லை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, வேலி இல்லை என்பது. புல்டோசர் போட்டுச் சமப்படுத்திய இடத்தில் ஒழுங்கையும் இல்லை, கதியாலும் இல்லை. தன் காணி எங்கே தொடங்குகிறது என்று ஒருவருக்குத் தெரியவில்லை. எங்களுடைய பழைய உறுதிகள் எல்லையை எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள்: கிழக்கு இன்னாருடைய காணி, மேற்கு இன்னாருடைய காணி, தெற்கு ஒழுங்கை, கூடவே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும். அயலவர்களின் பெயரால் எழுதப்பட்ட எல்லை அது. அந்த அயலவர் இருந்தால், அவர் தன் எல்லையை அறிந்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் வேலி நின்றால் மட்டுமே அந்த உறுதி நிலத்தில் பொருந்தும். அயலவர் கனடாவில் செத்துவிட்டார். அவருடைய பிள்ளைக்குக் காணியின் பெயரே தெரியாது. வேலியைப் புல்டோசர் தின்றுவிட்டது. உறுதி கையில் இருந்தும் காணி எங்கே என்ற கேள்வி நிற்கிறது.

சில இடங்களில் கதியால்கள் காப்பாற்றின. வெட்டுவதற்கு ஆளில்லாமல் முப்பது வருடம் விட்ட பூவரசும் கிளுவையும் பெருமரமாகிவிடும். காட்டுக்குள் பார்த்தால் ஒழுங்கில்லாத பற்றை; நிதானமாகப் பார்த்தால் ஒரே நேர்கோட்டில் மரங்கள். எந்த மரமும் தானாக நேர்கோட்டில் முளைக்காது. கிணற்றுக் கட்டையும் அந்த மரவரிசையையும் வைத்து எல்லையை மீட்க முடியும். நில அளவையாளருக்குக் காட்டவும் அதுவே சாட்சி. துப்புரவு செய்கிறோம் என்று வந்தவுடன் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவதைவிட, முதலில் மரங்கள் நிற்கும் கோட்டைப் படமெடுத்து வைப்பது நல்லது என்பதை இதை வாசிக்கிற, இன்னும் காணி விடுபடாத ஒருவருக்காகச் சொல்கிறேன்.

சட்டத்திலும் வேலிக்கு ஒரு கனம் உண்டு. இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டம் 1871இலிருந்து இருக்கிறது. தனியாருடைய காணியை ஒருவர் பத்து வருடம் தடங்கலின்றி, எதிருரிமையோடு ஆண்டனுபவித்தால் அதற்கு உரிமை கோரலாம். வேலி அடைத்துப் பராமரித்தேன் என்பது அந்த அனுபவிப்புக்கு வழமையாகக் காட்டப்படுகிற அடையாளங்களில் ஒன்று. இடம்பெயர்ந்தவர் வேலி அடைக்க முடியாமல் அகதி முகாமில் இருந்த அதே பத்து வருடத்தில் வேறு யாரோ அடைத்திருந்தால் என்ன செய்வது? இதற்காகத்தான் 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. ஆனால் அதன் சொற்களைக் கவனிக்கவேண்டும். ஆயுதக்குழுவின் செயற்பாடுகளால் உரிமையை நிலைநாட்ட முடியாமற்போனவர்களைப் பற்றித்தான் அது பேசுகிறது. அரச படை போட்ட வேலிக்கு வெளியே நின்றவரின் கதையை அந்தச் சட்டம் சொல்லவில்லை.

அந்தக் கதை வேறு ஆவணங்களில் இருக்கிறது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் மரங்களிலும் சுவர்களிலும் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்ற பயம் யாழ்ப்பாணத்தையும் முல்லைத்தீவையும் பிடித்துக்கொண்டது. இறந்தவரின் பெயரில் உள்ள உறுதி, இடப்பெயர்வில் தொலைந்த உறுதி, வெளிநாட்டில் உள்ள வாரிசு என்று ஆட்கள் அலைந்தார்கள். எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் வந்த பிறகுதான் அது நிறுத்தப்பட்டது. மூன்று மாதம் என்பது ஒரு மாரிக்கும் குறைவு. ஒரு கதியால் வேர்விட்டுத் துளிர்ப்பதற்குக்கூட இதைவிட நேரம் கொடுப்போம்.

வேலிக்கு வெளியே நிற்பது என்பதே ஒரு போராட்ட வடிவமாகவும் மாறியது. 2017 ஜனவரி 31இல் பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியில் இருந்த விமானப்படை முகாமின் வாசலில் இருந்தார்கள். குழந்தைகளோடு, பனியில், இரவும் பகலும். கம்பிக்கு உள்ளே தென்னை தெரிந்தது. தாங்கள் நட்ட தென்னை. ஒரு மாதத்தில், மார்ச் 1ஆம் திகதி, அந்த வேலி திறந்தது. அதே நாள் பக்கத்தில் கேப்பாப்புலவு மக்கள் தங்களுடைய வேலிக்கு முன்னால் இருக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஒரு மாதம் போதவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்ற பழமொழியை இந்த இடத்தில் எல்லோரும் சொல்வார்கள். மேடையில் சொன்னால் கைதட்டும் கிடைக்கும். எனக்கு அது சரியாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை. அந்தப் பழமொழியில் வேலி பயிருக்காகப் போடப்பட்டது, பிறகு கெட்டுப்போனது. முகாமைச் சுற்றி வந்த வேலி எங்கள் பயிருக்காக ஒருபோதும் போடப்படவில்லை.

இப்போது ஊருக்குள்ளும் வேலி குறைந்துவிட்டது. வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் மதில். இல்லாத வீடுகளில் சீமெந்துத் தூணும் முள்ளுக்கம்பியும் தகரமும். கிடுகு பின்ன ஆளில்லை, ஓலை வெட்டக் கூலி கட்டாது, ஒவ்வொரு வருடமும் அடைக்க நேரமும் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கும் வயோதிபருக்கும் மதில் பாதுகாப்பாகப் படுவதில் பிழை சொல்ல முடியாது. பக்கத்து வளவு பற்றைக்காடாகக் கிடக்கும்போது பொட்டு விட்டு யாரிடம் போவது? வன்னியின் எல்லைக் கிராமங்களில் யானைக்காக மின்சார வேலி வந்திருக்கிறது. யானைவேலி என்ற சொல்லை முல்லைத்தீவில் இப்போது சின்னப் பிள்ளையும் சொல்லும். அதற்கும் பராமரிப்பு வேண்டும், கம்பியில் படுகிற செடியை வெட்டவேண்டும், விட்டால் மின்சாரம் ஒழுகிவிடும், யானை உடனே அறிந்துவிடும். பழைய வயல்வேலியைப் போல இதுவும் ஊர் சேர்ந்தால் மட்டும் நிற்கிறது. அடைத்தல் என்ற வினை மிச்சமிருக்கிற கடைசி இடம் இதுவாக இருக்கலாம்.

பலாலி வசாவிளான் வீதி 34 வருடங்களுக்குப் பின் மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கம்பிவேலி. வாகனத்தை இடையில் நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து போகக்கூடாது என்று பின்னர் பலகை வைத்தார்கள். அந்த வீதியால் பஸ்ஸில் போகிறவர்களில் சிலருக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது சொந்தக் காணி. யன்னல் பக்கம் இருக்கை பிடித்து, கம்பிக்கு ஊடாக, கிணறும் பூவரசும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு போகிறார்கள்.